மெக்கானிக் கட்சியின் ஒரே அத்தை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு புருஷன் இருந்தான். அந்தப் புருஷனுக்கு ஒரு புருஷன் இருந்தான். ஊர் தைனான். முதலில் சொன்ன புருஷன் நான், இரண்டாவதாகச் சொன்னவன் ஷு-யாங். நான் முதலில் வருவது இந்தக் கதையில் மட்டும்தான். வீட்டில் எப்போதும் அவன்தான் முதல்.

என் பெயர் ஜூன்-ஹுங். லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் முந்நூறு லிஃப்டுகள் என் பேச்சைக் கேட்கும். ஏறு என்றால் ஏறும், இறங்கு என்றால் இறங்கும். ஆனால் நாங்கள் குடியிருக்கும் பழைய கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு ஐந்தாவது மாடி. எழுபத்தெட்டு படி. நாள் முழுக்க ஊரையே மேலே தூக்கி அனுப்பிவிட்டு, மாலையில் நான் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன்.

ஷு-யாங் எழுத்தாளன். ஆணும் ஆணும் காதலிக்கிற நாவல்கள் எழுதுகிறான். செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று என்று அத்தியாயங்கள் போனில் வரும். புனைபெயர் 'பனிக்கால நரி'. படிப்பவர்கள் முக்கால்வாசி பெண்கள். நர்ஸுகள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், பேரன் எடுத்தவர்கள். நரி என்றால் நீளக் கூந்தலோடு ஜன்னலோரம் தேநீர் குடிக்கிற பெண் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நரி என் பழைய பனியனைப் போட்டுக்கொண்டு, ஒரு காலை நாற்காலி மேல் மடித்து வைத்து, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே எழுதும் அழகைப் பார்க்கக் கொடுத்து வைத்தவன் நான் ஒருவன்தான்.

எங்கள் சந்துக்கு மட்டும் உண்மை தெரிந்துவிட்டது. ஆறாவது அத்தியாயத்தில் ஒரு முட்டை ரொட்டிக் கடைக்காரம்மா வந்தார். சோகமாக இருக்கிறவர்களுக்கு ஒரு முட்டை கூடப் போடுவார். மூன்றாவது மாடி ஜியாங் அம்மா தெருமுனையில் காலையில் முட்டை ரொட்டிக் கடை போடுகிறவர். சோகமாக இருக்கிறவர்களுக்கு ஒரு முட்டை கூடப் போடுகிறவர். படித்த அன்றே ஐந்தாவது மாடிக்கு ஏறி வந்து, "நான் இவ்வளவு குண்டா?" என்று கேட்டார். அன்றிலிருந்து சந்து முழுக்க வாசகர்கள்.

அந்த நாவலின் பெயர் 'லிஃப்ட் நின்ற மதியம்'. லோ-யீ என்ற இளைஞன் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மெக்கானிக். இருவரும் கதவு வழியாகவே பேசுகிறார்கள். கதவு திறப்பதற்குள் காதல் வந்துவிடுகிறது. இது எங்கள் கதை. நாங்கள் சந்தித்ததே அப்படித்தான். நாவலில் மெக்கானிக்கின் குரல் ஆறு ஓடுவதுபோல இருக்கிறது. நிஜத்தில் நாற்பது நிமிடமும் ஷு-யாங் உள்ளேயிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தான், நான் "இதோ ஆச்சு சார், இதோ ஆச்சு சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருபது அத்தியாயம் வரை நான் ராஜா. இருபத்தொன்றில் ஒரு டாக்டர் வந்து சேர்ந்தான். டாக்டர் குவான். இதய அறுவை நிபுணர். சிரித்தால் ஒரு கன்னத்தில் குழி விழும். சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் என் இரண்டு கன்னத்திலும் கிரீஸ்தான் இருக்கும்.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை உணவுக்கு ஜியாங் அம்மா கடையில் போய் நின்றேன்.

"இந்தா தம்பி. ரெண்டு முட்டை போட்டிருக்கேன்."

"நான் ஒண்ணுதானே சொன்னேன்?"

"உனக்கு வரப்போற கஷ்டத்துக்கு ஒண்ணு பத்தாது."

"எனக்கென்ன கஷ்டம் ஜியாங் அம்மா?"

"வெள்ளிக்கிழமை வந்தது படிக்கலையா? கொட்டற மழையில டாக்டர் குடை பிடிச்சிக்கிட்டு நிக்கறான். நீ எங்க போன?"

"நான் வேலைக்குப் போயிருந்தேன்."

"அதான். எப்பப் பாரு வேலை."

"அது கதை! வெள்ளிக்கிழமை இங்க மழையே பெய்யல!"

"பெய்யாட்டி என்ன? ஒரு போன் பண்ணி, 'நனைஞ்சியா கண்ணு'ன்னு கேட்டா குறைஞ்சா போயிடுவ?"

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு நர்ஸுகள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். ஜியாங் அம்மா விலைப்பட்டியல் பலகையின் ஓரத்தில் இரண்டு கட்டம் போட்டு வைத்திருந்தார். ஒன்று டாக்டர் கட்சி, இன்னொன்று மெக்கானிக் கட்சி. வருகிறவர்கள் கோடு போட்டுவிட்டுப் போகலாம். டாக்டருக்கு நாற்பத்தொன்று. எனக்கு மூன்று. அந்த மூன்றில் ஒன்று நான் போட்டது. இன்னொன்று எரிவாயு உருளை கொண்டுவருகிறவர் எந்தக் கட்டம் எது என்று தெரியாமல் போட்டது.

"மூணாவது யாரு போட்டது, ஜியாங் அம்மா?"

"அது கோடு இல்ல தம்பி, சோயா சாஸ் தெறிச்சது."

ரொட்டியைப் பாதியில் மடித்து வைத்தேன். லோ-யீ கடைசியில் டாக்டரோடு போய்விட்டால் இந்தச் சந்தில் நான் எப்படி நடப்பேன்? சரி, சந்து கிடக்கட்டும். தினமும் என் பக்கத்தில் படுக்கிறவன், கதையில் என்னை விட்டுவிட்டு இன்னொருத்தனோடு போகிறான் என்றால், அவன் மனதில் நான் எந்த இடத்தில் இருக்கிறேன்? லிஃப்ட் கயிற்றில் ஓர் இழை அறுந்தாலே கயிற்றை மாற்றுகிறவன் நான். எனக்குப் பயமாகிவிட்டது.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் கேட்டேன். வீட்டில் அவன் எனக்கு அ-யாங், நான் அவனுக்கு அ-ஹுங்.

"அ-யாங், யாரு இந்த டாக்டர்?"

"கற்பனை."

"கன்னத்துல குழி?"

"கற்பனைக் குழி."

"பம்பளிமாஸ் சுளையில ஒரு வெள்ளை நார் இல்லாம உரிச்சு ஊட்டி விடறானே, அது?"

"அதை இந்த வீட்டுல நான் பார்த்திருந்தா கற்பனை பண்ண வேண்டிய அவசியமே இல்லையே."

"நான் உரிச்சுக் குடுத்ததில்லையா?"

"நீ முழுப் பழத்தை மடியில உருட்டி விட்டுட்டு டிவி பார்த்த."

பேச்சை மாற்றினேன். "கடைசியில லோ-யீ யாரைக் கட்டிக்கறான்?"

ஒரு விதையைப் பல்லில் வைத்து உடைத்தான். "தெரியாது."

"எழுதறவனுக்கே தெரியாதா?"

"என் கையில என்ன இருக்கு அ-ஹுங்? யாரு எப்படி நடந்துக்கறாங்களோ அதைப் பொறுத்து."

என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு விதையை உடைத்தான். அந்தக் கணத்தில் நான் ஒரு சபதம் எடுத்தேன். பிறக்கவே பிறக்காத ஒருத்தனிடம் நான் தோற்கப்போவதில்லை.

நாவலுக்குக் கீழே வாசகர்கள் கருத்து எழுதலாம். எழுத்தாளருக்குத் தனியாகக் கடிதமும் அனுப்பலாம். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டேன். கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து ஒரு வாசகியாகப் பிறந்தேன்.

பெயர்: ஜியாயி அத்தை. வயது அறுபத்திரண்டு. ஜியாயி எங்களுக்கு அடுத்த ஊர். அங்கே எனக்கு ஓர் ஆளையும் தெரியாது, அதனால் பாதுகாப்பு. கணவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். குழந்தைகள் வெளியூர். பொழுதுபோக்கு, காதல் நாவல்.

"அன்புள்ள நரி அம்மா, டாக்டர்களை நம்பாதே. வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், அவர்கள் யாருடைய நெஞ்சையோ திறந்து வைத்திருப்பார்கள். லிஃப்ட் மெக்கானிக் என்றால் தங்கமான மனுஷன். ஒரு பிரேக்கை மூன்று தடவை சோதிப்பவன் தன் காதலை முந்நூறு தடவை சோதிப்பான்..." என்று ஆரம்பித்து, பிரேக்கை எப்படிச் சோதிப்பார்கள் என்று இரண்டு பத்தி எழுதினேன். வாசகிகளுக்கு அதெல்லாம் தெரியாமல்தான் டாக்டர் பக்கம் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

அனுப்பினேன். வெளியே சாப்பாட்டு மேசையில் அவன் போன் 'டிங்' என்றது. நான்கு நிமிடம் கழித்து என் போன் மடியில் அதிர்ந்தது.

"அன்புள்ள அத்தை, உங்கள் கடிதம் படித்துக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மெக்கானிக் மேல்தான் ஆசை. ஆனால் நான் கண்ணால் பார்ப்பதைத்தானே எழுத முடியும்? என் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். நல்லவர்தான். ஆனால் ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூடக் குப்பை வண்டிக்கு இறங்கினதில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே ஒரு கதாநாயகனை எப்படி அத்தை எழுதுவேன்?"

திரும்பத் திரும்பப் படித்தேன்.

"அ-ஹுங்!" வெளியேயிருந்து குரல். "உள்ள என்ன பண்ற? தண்ணி வீணாப் போகுது!"

எங்கள் சந்தில் குப்பையைத் தெருவில் வைத்துவிட்டு வர முடியாது. ஏழு இருபதுக்கு வண்டி பியானோ மெட்டு போட்டுக்கொண்டு வரும். மூன்று நிமிடம் நிற்கும். அதற்குள் மொத்தக் கட்டடமும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி, கையால் பையை வீச வேண்டும். சமையல் கழிவுக்குத் தனி வாளி. புதனும் ஞாயிறும் மட்டும் வண்டி கிடையாது. நான் வீடு வந்து சேருவது ஏழு மணிக்கு. காலணியைக் கழற்றிக் காலை நீட்டியதும் பியானோ கேட்கும். ஐந்து வருஷமாக அவன்தான் இறங்குவான். நான் நீட்டிய காலை மடக்குவேன், அவன் தாண்டிப் போவதற்காக.

மறுநாள் பியானோ கேட்டதும் நான் துள்ளி எழுந்தேன்.

"நான் போறேன்."

"எங்க?"

"குப்பை போட. சும்மா, கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்."

"குப்பை வண்டிக்குப் பின்னாடியா காத்து?"

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கீழே ஜியாங் அம்மா என்னைப் பார்த்து, கையிலிருந்த பையை வீச மறந்து நின்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தியாயம் வந்தது. மூன்று அத்தியாயமாகக் காணாமல் போயிருந்த மெக்கானிக் திரும்பி வந்திருந்தான்! ஒரே ஒரு பத்தி. அதில் அவன் தெருவைக் கடக்கிறான், வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் நிமிர்ந்து கடக்கிறான். நான் அந்தப் பத்தியை மனப்பாடம் செய்தேன்.

குளியலறையில் அத்தைக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நரி அம்மா, தெருவைக் கடந்தானே, என்ன கம்பீரம்! அவனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடு."

"கொடுக்கலாம் அத்தை. என் வீட்டுக்காரர்கூட இந்த வாரம் குப்பை எடுத்துக்கொண்டு போனார். ஆச்சரியமாக இருந்தது. ஆனால் துவைத்த துணி கட்டிலில் மலையாகக் கிடக்கிறது. மடிக்கிற கை இருந்தால் மெக்கானிக்கின் கையைப் பற்றி நாலு வரி எழுதலாம்."

துணியை மடித்தேன். செவ்வாய்க்கிழமை மெக்கானிக்கின் கையைப் பற்றி ஏழு வரி வந்தது.

இப்படித்தான் ஆரம்பித்தது. மின்விசிறியைத் துடைத்தேன், மெக்கானிக் லோ-யீயின் வீட்டு வாசல் வரை வந்தான். ஏசி வலையைக் கழுவினேன், அவன் கதவைத் தட்டினான். அடுத்து மீன். பால்மீனில் இருநூற்றுச் சொச்சம் முள். அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பஞ்சு மாதிரி ஆக்கி, கஞ்சியில் போட்டுக் கொடுத்தேன். லோ-யீ கதவைத் திறந்தான்.

ஷு-யாங் கஞ்சியைக் கிளறிப் பார்த்தான். "என்னடா, திடீர்னு?"

"உனக்கு முள் பிடிக்காதே."

"அஞ்சு வருஷமா பிடிக்காது."

"இப்பதான் கவனிச்சேன்."

"நல்ல கண்ணு," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டான். சிரித்தானா, சூடு பட்டு உதட்டைச் சுழித்தானா என்று தெரியவில்லை.

என் முழங்கால் மட்டும் போய்விட்டது. அத்தைக்கு முழங்கால் வலி என்று நான் முதலில் யோசிக்கவே இல்லை. ஒரு மாதம் எழுபத்தெட்டு படி கூடுதலாக ஏறி இறங்கியதில் தானாக வந்து சேர்ந்தது. கடிதத்துக்குக் கடிதம் அத்தை முழங்காலைப் பற்றி முனகினாள். புதனும் ஞாயிறும் மட்டும் பாட்டுப் பாடாத குறையாக எழுதினாள்.

ஜூலையில் ஒரு புயல் வந்தது. முந்தின நாள் மாலையே எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்து, எந்தெந்த ஊருக்கு விடுமுறை என்று கீழே ஓடுகிற எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தைனான் என்று வந்ததும் சந்தே கைதட்டியது. நான் எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கினேன். மறுநாள் பத்து மணிக்கு எழுந்தேன். காற்று கொஞ்சம் அடித்தது, மழை தூறியது. வேலை இல்லை. அதைவிட முக்கியம், வண்டி இல்லை. குளியலறைக்குப் போய் மனதைத் திறந்து எழுதினேன்.

"அன்புள்ள நரி அம்மா, இன்று புயல் விடுமுறை! குப்பை வண்டியும் வராது! என் முழங்கால் பதினெட்டு வயதுப் பெண்ணின் முழங்கால் மாதிரி இருக்கிறது. இந்த நல்ல நாளில் மெக்கானிக்குக்கு ஒரு முத்தமாவது கொடு."

அன்று பதில் வர நேரமாயிற்று. வெளியே அவன் இருமினான். ரொம்ப நேரம் இருமினான். பிறகு வந்தது: "விடுமுறையை நன்றாக அனுபவியுங்கள் அத்தை. முத்தத்துக்கு ஏற்பாடு செய்கிறேன்."

முத்தம் வந்தது. ஆனால் அந்தப் புயலுக்குப் பிறகு நரியின் கடிதங்களில் ஒரு தைரியம் ஏறிவிட்டது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. "என் வீட்டுக்காரர் தினமும் மாலை என் பின்கழுத்தைப் பிடித்துவிட்டால், அடுத்த அத்தியாயத்தில் மெக்கானிக் பாட்டுப் பாடலாம்" என்றது ஒரு கடிதம். "அவர் பனியனைத் திருப்பிக் கேட்பதை நிறுத்தினால் டாக்டரை ஒரு மாநாட்டுக்கு அனுப்பலாம்" என்றது இன்னொன்று. இடையில் ஒரு நாள் கழுத்தைப் பிடித்துவிடும்போது அசதியில் தூங்கிவிட்டேன். அதற்கடுத்த அத்தியாயத்தில் டாக்டர் மாநாட்டிலிருந்து முன்கூட்டியே திரும்பிவிட்டான்.

ஆகஸ்டில் ஒரு மாலை எனக்கு வெறுத்துவிட்டது. போதும் என்று தோன்றியது. அத்தை நேராகவே கேட்டாள்.

"நரி அம்மா, ஒன்று மட்டும் மறைக்காமல் சொல். அந்த வீட்டுக்காரர் மேல் உனக்குப் பிரியம் இருக்கிறதா, இல்லையா?"

அனுப்பிவிட்டுக் குழாயைத் திறக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். வெளியே விதை உடைக்கிற சத்தம் நின்றது. நாற்காலி நகர்ந்தது. பத்து நிமிடம் ஆயிற்று.

"அத்தை, அன்று அவர் லிஃப்ட் கதவைத் திறந்தபோது வெளிச்சம் அவருக்குப் பின்னாலிருந்து வந்தது. முகம் தெரியவில்லை. கிரீஸ் கை மட்டும் நீண்டிருந்தது. எனக்கு இருட்டென்றால் பயம், அதனால்தான் அவ்வளவு நேரமும் திட்டிக்கொண்டிருந்தேன். அது அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கையைப் பிடித்துத்தான் வெளியே வந்தேன். இன்னும் விடவில்லை. மற்றபடி, எங்கள் குளியலறை மூலையில் பூஞ்சை படர்ந்திருக்கிறது."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிரஷை எடுத்தேன். மூலையைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

கடைசி அத்தியாயம் நடு இலையுதிர்த் திருநாளான பௌர்ணமி அன்று வந்தது. அன்று சந்தில் வீட்டுக்கு வீடு அடுப்புப் போட்டு இறைச்சி சுடுவோம். ஜியாங் அம்மா அடுப்பருகில் பலகையையே கொண்டுவந்து வைத்திருந்தார். டாக்டர் நாற்பத்து நான்கு, மெக்கானிக் முப்பத்தொன்பது. ஆறரை மணிக்கு எல்லார் போனும் ஒரே நேரத்தில் ஒலித்தது. எல்லாத் தலைகளும் குனிந்தன. கரி மட்டும் படபடத்தது. நான் பம்பளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளை நார் இல்லை. போனைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஜியாங் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதையில் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் நின்றுவிடுகிறது. பதினேழாம் மாடியில் லோ-யீ காத்திருக்கிறான். டாக்டர் கீழே நின்று, "சரி செய்ததும் வருகிறேன்" என்று போன் செய்கிறான். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கிறது. லிஃப்டைச் சரிசெய்யத் தெரிந்தவன், அதைச் சரிசெய்யக்கூட நேரமில்லாமல், ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருக்கிறான். லோ-யீ கண்ணை மூடிக்கொண்டு படிகளை எண்ணுகிறான்.

ஜியாங் அம்மா இடுக்கி பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்தார். முகமெல்லாம் சாஸ்.

"தம்பி! ஏறிட்டடா!"

"நீங்க டாக்டர் கட்சி ஆச்சே?"

"யாரு சொன்னா? நான் எப்பவும் மெக்கானிக் கட்சிதான்," என்று பலகையை முந்தானை இல்லாத குறைக்குச் சமையல் அங்கியால் அழித்தார்.

சந்து முழுக்க எனக்குக் கை கொடுத்தது. நர்ஸுகள் இறைச்சி ஊட்டினார்கள். ஷு-யாங் மட்டும் தள்ளி உட்கார்ந்து நான் உரித்த சுளையைத் தின்றுகொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு சுளையை என் வாயில் வைத்தான். அந்த வருஷம் நிலா எனக்காகவே வந்ததுபோல் இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதைச் சொல்ல வந்திருக்கவே மாட்டேன்.

அடுத்த வாரம், வியாழக்கிழமை. வேலை முடிந்து வரும்போது, ஷு-யாங் பெயருக்கு வந்திருந்த பார்சலை முனைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்தேன். அச்சான நாவல், இருபது பிரதி. இருபதையும் எழுபத்தெட்டு படி தூக்கினேன், பெருமையோடு தூக்கினேன். மேசையில் வைத்துப் பிரித்து, ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ஆசிரியர் குறிப்பு இருந்தது.

'இந்த நாவலின் கடைசி வரியை எழுதி முடித்தபோது, வெளியே புத்தாண்டுப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது.'

எங்கள் சந்திரப் புத்தாண்டு பிப்ரவரியில் வந்தது. நான் முதல் குப்பையை எடுத்தது மே மாதம்.

முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். சமர்ப்பணம்.

'புயல் விடுமுறை விடாத ஊரில் இருந்துகொண்டு புயல் விடுமுறை கொண்டாடிய ஜியாயி அத்தைக்கு.'

நாற்காலி எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தேன்.

"அ-யாங்."

"ம்."

"அன்னிக்கு ஜியாயிக்கு லீவு விடலையா?"

"இல்லையே. தைனானுக்கு மட்டும்தான். ஜியாயில ஆபீஸ், பள்ளிக்கூடம், குப்பை வண்டி எல்லாம் ஓடிச்சு. பாவம், அத்தை மட்டும் லீவுல இருந்தாங்க. நீதான் தைனான்னு வந்ததும் டிவியை அணைச்சிட்டியே."

"அன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

"உறுதியானது அன்னிக்கு. சந்தேகம் முதல் நாளே. அறுபத்திரண்டு வயசு அத்தை லிஃப்ட் பிரேக் பத்தி ரெண்டு பத்தி எழுதுவாங்களா? அதோட, அவங்களுக்குப் புதனும் ஞாயிறும் மட்டும் முழங்கால் வலிக்கறதே இல்ல."

"அப்ப நான் செஞ்சதுக்கெல்லாம் கதை மாறினது?"

"எங்க மாறிச்சு? எழுதி வெச்சதுதான் வந்துட்டிருந்துது. அடுத்து மெக்கானிக்குக்கு நல்லது வருதுன்னா, முந்தி ஒரு வேலை சொல்லுவேன். டாக்டர் முறை வருதுன்னா சும்மா இருப்பேன். நீயே ஏதாவது தப்பு பண்ணிட்டு, அதனாலதான்னு நினைச்சுக்குவ."

"முடிவு தெரியாதுன்னு என் முகத்தைப் பார்த்துச் சொன்னியே!"

"தெரியும்னு சொல்லியிருந்தா மீன்ல முள் எடுத்திருப்பியா?"

"அந்த டாக்டர்?"

"கற்பனைன்னு முதல் நாளே சொன்னேன் அ-ஹுங். நீதான் நம்பல."

நான் எழுந்து நின்றேன். முந்நூறு லிஃப்டுகளை நிறுத்தக்கூடிய குரலில் சொன்னேன். "முடிஞ்சுது! மே மாசத்துலேர்ந்து முட்டாளாக்கியிருக்க. இனிமே குப்பை உன் வேலை. கழுத்தும் கிடையாது, முள்ளும் கிடையாது. என் பனியனைக் கழட்டு!"

"சரி," என்றான்.

இவ்வளவு சுலபமாக அவன் எதற்கும் சரி சொன்னதில்லை. பனியனைக் கழற்றி, அழகாக மடித்து, என் கையில் வைத்தான். மேசைக்குப் போய்க் கணினியைத் திறந்தான். ஒரு காலை மடித்து நாற்காலி மேல் வைத்தான்.

"என்ன பண்ற?"

"இரண்டாம் பாகம். பதிப்பாளர் கேட்டிருக்காங்க."

"அதுல என்ன வரும்?"

"டாக்டர் மாநாடெல்லாம் முடிச்சிட்டு, எதிர்வீட்டுக்குக் குடி வர்றார்."

"முடிவு எழுதியாச்சா?"

"இல்ல. இந்தத் தடவை நிஜமாவே இல்ல." ஒரு விதையை உடைத்தான். "யாரு எப்படி நடந்துக்கறாங்களோ அதைப் பொறுத்து."

தெருமுனையில் பியானோ கேட்டது.

கதவோரம் குப்பைப் பை இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு வெற்று முதுகோடு உட்கார்ந்திருந்தான். நான் பனியனை அவன் தோளில் போட்டேன். பையை எடுத்தேன். செருப்பை மாட்டினேன்.

மூன்றாவது மாடியில் ஜியாங் அம்மா இரண்டு கையிலும் பையோடு என்னைத் தாண்டிக் கீழே ஓடினார். "வா தம்பி, வண்டி போயிடும்!" என்ற குரல் படிக்கட்டில் சுழன்று இறங்கிப் போயிற்று. அப்போது என் சட்டைப்பை அதிர்ந்தது. நரியிடமிருந்து கடிதம்.

"அன்புள்ள அத்தை, சமையல் கழிவு வாளியை மேலேயே விட்டுவிட்டீர்கள்."

திரும்ப மேலே ஏறினேன்.